சட்டாம்பிள்ளைக்குச் சம்பளம்

தேனி மாவட்டம் காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒருவர் போன் செய்தார். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைக்கு மேலே கேரளப் பக்கம் போய், பொழுது சாயத் திரும்பி வருகிற கம்பம் பள்ளத்தாக்கு ஜனங்களில் ஒருவர். 'ஒரு நியாயம் கேக்கணும் சார்' என்று ஆரம்பித்தார். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்.

'எம் பய பக்கத்து ஊரு காலேஜ்ல பி.காம். சி.ஏ. ரெண்டாவது வருசம் படிக்கிறான். சாயங்காலம் நாலுல இருந்து ஆறு வரைக்கும் கம்ப்யூட்டர் ரூமைப் பாத்துக்கிட்டா மாசம் ஆயிரத்து ஐநூறு தர்றோம்னாங்க. பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஆச்சேன்னு நானும் சரின்னுட்டேன். போன மாசம் ஒரு மெசினுக்குள்ள இருந்து ராமோ என்னமோ, சாமி பேரு மாதிரி சொன்னான், அது காணாமப் போச்சு. சாவி உங்கிட்டதான இருந்துச்சு, உன் சம்பளத்துல புடிப்போம்னுட்டாங்க. ஒரு வாரம் வாயத் தொறக்கல. ரெண்டாவது வாரம் எடுத்தது யாருன்னு சொல்லிட்டான். எடுத்தவன் எங்க தெருப் பய சார். ரெண்டும் ஒண்ணாத் திரிஞ்சதுக. அவனை மூணு வாரம் காலேஜ் பக்கம் வரக் கூடாதுன்னுட்டாங்க. பரிச்சை போச்சு. இப்ப அவங்கப்பன் எங்கூடப் பேசுறதில்ல. ஒரே ஜீப்புலதான் போறோம். முட்டி இடிக்க உக்காந்து போறோம், பேசுறதில்ல. ஊருக்குள்ள காட்டிக் குடுத்த பயன்னு பேசுறாய்ங்க. எம் பய செஞ்சது சரியா, தப்பா?'

நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? 'திருட்டு திருட்டுதான். சொன்னதில் என்ன தப்பு?' என்று பாதிப் பேர் சொல்வீர்கள். 'இருந்தாலும் சிநேகிதனைப் போய்...' என்று மீதிப் பேர் இழுப்பீர்கள். இரண்டு கட்சியும் பையனை மட்டும்தான் பார்க்கிறது. அவனை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார், என்ன சொல்லி உட்கார வைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அங்கேதான் உறுத்துகிறது.

எடுத்த பையனைப் பற்றியும் விசாரித்தேன். அவன் அக்காவுக்குப் பள்ளியில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் வீட்டில் இருக்கிறதாம். 2011-ல் ஆரம்பித்த திட்டத்தில் வந்த அந்த இலவச லேப்டாப்புகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். வயசாகி, ஆன் செய்தால் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம் என்கிற வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ராம் போட்டால் வேகமாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். லேபில் இருந்து ஒன்றை உருவிக்கொண்டு போய்விட்டான். வேதனை என்னவென்றால், மேஜைக் கம்ப்யூட்டரின் ராம் லேப்டாப்பில் பொருந்தாது. நீளமே வேறு. எடுத்தவனுக்கும் பயனில்லை, இழந்தவனுக்கும் நஷ்டம். லேபில் உட்கார்ந்திருந்த சிநேகிதனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், 'டேய், அது சேராதுடா' என்று அவனே சொல்லியிருப்பான்.

சரி, நாற்காலிக்கு வருவோம்.

மாணவர்களை மேய்க்க ஒரு மாணவனையே வைப்பது கம்ப்யூட்டர் வந்த பிறகு கண்டுபிடித்த வித்தை இல்லை. நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அவனுக்குச் 'சட்டாம்பிள்ளை' என்று பெயர். வாத்தியார் அசந்த நேரத்தில் பாடம் ஒப்பிக்க வைப்பான், வராதவனை வீட்டிலிருந்து இழுத்து வருவான், சமயத்தில் பிரம்பும் அவன் கையில்தான். அவனுக்குத் தின்பண்டம் கொடுத்துச் சரிக்கட்டுகிற கலை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. இன்று அந்தச் சொல் என்ன ஆயிற்று, பாருங்கள். 'உன் சட்டாம்பிள்ளைத்தனத்தை இங்கே காட்டாதே' என்று திட்டத்தான் பயன்படுகிறது. கணக்குப்பிள்ளைக்கும் தலையாரிக்கும் கிடைக்காத கெட்ட பெயர் இவனுக்கு மட்டும் ஏன்? அவர்களுக்கு வேலை இருந்தது, அதற்குக் கூலியும் இருந்தது. இவனுக்கு அதிகாரம் மட்டும் இருந்தது. கூலி இல்லாத அதிகாரம் கடலை மிட்டாயில்தான் வசூலாகும்.

இந்தச் சட்டாம்பிள்ளை இங்கிலாந்து வரை போய் வந்த கதை சுவாரசியமானது. ஆண்ட்ரூ பெல் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 வாக்கில் சென்னை எழும்பூரில், ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து அசந்துபோய், தன் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். அங்கிருந்த வாத்தியார்கள் ஒத்துழைக்கவில்லை. 'போங்கடா' என்று, ஜான் ஃப்ரிஸ்கன் என்கிற எட்டு வயசுச் சிப்பாய் மகனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக்கொடு என்றார். பையன் பிரமாதமாகச் செய்தான். பெல் ஊருக்குத் திரும்பி 1797-ல் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் அது பிரபலமாகியது. அவர் சொத்தில் உருவான ஒரு பள்ளி அவருடைய சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரிலேயே இருக்கிறது. அதே சமயத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதே முறையில் பள்ளி நடத்தினார். யார் முதலில் என்று இரண்டு தரப்புக்கும் பெரிய சண்டை. நமக்கு அது வேண்டாம்.

நமக்கு வேண்டியது, ஏன் அது அவ்வளவு சீக்கிரம் பரவியது என்பது. ஒரே காரணம்தான். மலிவு. ஒரு வாத்தியார் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். நடுவில் சட்டாம்பிள்ளைகள், கிட்டத்தட்ட சும்மா. அப்புறம் சில வருஷம் போனதும் பிரச்னை தெரிந்தது. சொல்லிக்கொடுக்கிற பிள்ளைக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. தனக்குத் தெரிந்த கொஞ்சத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, வேறு வேலை கிடைத்ததும் கிளம்பிவிட்டான். 1846-ல் இங்கிலாந்து அரசாங்கம் புது ஏற்பாடு கொண்டுவந்தது. பதின்மூன்று வயசில் ஐந்து வருஷப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். முதல் வருஷம் 10 பவுண்டு சம்பளம், வருஷா வருஷம் ஏறி ஐந்தாம் வருஷம் 20 பவுண்டு. முக்கியமானது அடுத்த விஷயம். தலைமை ஆசிரியர் தினமும் ஒன்றரை மணி நேரம் அந்தப் பையனுக்கு மட்டும் தனியாகப் பாடம் எடுக்க வேண்டும், அதற்கு அவருக்கும் தனிப் பணம். மாணவனை வேலைக்கு வைத்தால் கூலியும் கொடு, பாடமும் கொடு; ஒன்றைக் காட்டி இன்னொன்றை ஏமாற்றாதே என்று ஆனது. எழும்பூரில் கிளம்பிய யோசனை இவ்வளவு தூரம் திருந்தி வருவதற்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

நம் கல்லூரி லேப்கள் இன்னும் 1797-லேயே இருக்கின்றன.

கோபப்படாதீர்கள், எல்லாக் கல்லூரியையும் சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலும் நடப்பது என்ன? லேப் டெக்னீஷியன் போஸ்ட் காலியாக இருக்கும். ஆள் போட முடியாது, அல்லது போட மனசில்லை. துறைத்தலைவர் சுற்றிப் பார்ப்பார். அடக்கமான, கொஞ்சம் விவரம் தெரிந்த, வசதியில்லாத பையன் ஒருவன் கண்ணில் படுவான். 'பாவம், கஷ்டப்படுற குடும்பம், ஏதோ நம்மாலானது' என்று சாவியைக் கொடுப்பார். அந்த 'பாவம்' என்கிற வார்த்தையில்தான் வினையே இருக்கிறது.

ஏன் என்று கேளுங்கள். உதவி என்று கொடுத்த பணத்துக்கு அளவு கிடையாது. இரண்டு மணி நேரம் என்று சொன்னது மூன்றாகும், சனிக்கிழமையும் சேரும், ஆபீஸில் பிரிண்டர் மக்கர் செய்தால் அதற்கும் அவனைக் கூப்பிடுவார்கள். அவனால் முடியாது என்று சொல்ல முடியாது. உதவி செய்தவரிடம் எப்படிச் சொல்வது? இதே கத்தி அந்தப் பக்கமும் வெட்டும். பையன் சரியாக வேலை செய்யவில்லை என்று வையுங்கள். லேபைத் திறக்கவே நாலே முக்கால் ஆகிறது, வரிசையில் நிற்கிற பிள்ளைகள் புகார் சொல்கிறார்கள். துறைத்தலைவரால் அவனை அனுப்ப முடியுமா? 'ஏழைப் பையன் வயித்துல அடிச்சிட்டார்' என்று ஆகிவிடும். வேலை என்றால் கேள்வி கேட்கலாம், பதிலும் சொல்லலாம். உபகாரம் என்று ஆக்கிவிட்டால் இரண்டு பக்கமும் வாய் அடைத்துவிடும்.

அமெரிக்கா போய் வந்தவர்கள் வீட்டில் இந்தக் கதை கேட்டிருப்பீர்கள். இங்கே சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காத பையன் அங்கே யுனிவர்சிட்டி லேபிலோ லைப்ரரியிலோ கேன்டீனிலோ மணிக்கு இத்தனை டாலர் என்று வேலை பார்க்கிறான். வெளிநாட்டு மாணவர்களுக்குப் படிப்பு நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வளாகத்தில் வேலை செய்யக் கூடாது என்று விசா விதியே இருக்கிறது. அந்த நாட்டு ஏழை மாணவர்களுக்கு 1964-ல் ஒரு சட்டம் போட்டு, படிக்கும்போதே வேலை தருகிற திட்டம் கொண்டுவந்தார்கள். கூலியின் பெரும் பகுதியைப் பொதுவாக மத்திய அரசாங்கம் கொடுக்கும், மிச்சத்தைக் கல்லூரி போடும். எனக்கு அதில் பிடித்தது பணத்தின் கணக்கு இல்லை. மேஜைகளின் கணக்கு. யார் ஏழை என்று பார்ப்பது ஒரு மேஜை. அங்கே அப்பாவின் வருமானம், வீட்டு நிலைமை எல்லாம் கேட்பார்கள். வேலை வாங்குவது வேறு மேஜை. அங்கே என்ன வேலை, எத்தனை மணி நேரம், மணிக்கு எவ்வளவு என்பதோடு சரி. அங்கே இருக்கிற சூப்பர்வைசர் அவனிடம் 'உங்கப்பா என்ன பண்றார்?' என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. நம் ஊரில் இரண்டு மேஜைக்கும் ஒரே ஆள். அவரே தர்மகர்த்தா, அவரே மேஸ்திரி.

கென்டக்கி மாநிலத்தில் பெரியா என்று ஒரு கல்லூரி. 1892-லிருந்து அங்கே மாணவர்களிடம் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. பதிலுக்கு, படிக்கிற ஒவ்வொருவரும் வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது கல்லூரியில் வேலை செய்தாக வேண்டும். கூட்டுவது, சமைப்பது, கம்ப்யூட்டர் பார்ப்பது, எதுவாகவும் இருக்கலாம். எல்லாரும் செய்வதால் லேபில் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்து 'பாவம்' என்று யாரும் சொல்ல முடியாது. காந்திக்குக் கோயில் கட்டிய ஊர் காமயகவுண்டன்பட்டி. அந்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1937-ல் வார்தாவில் அவர் சொன்ன ஆதாரக் கல்வியிலும் எல்லாப் பிள்ளையும் கையால் வேலை செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்தத் திட்டத்தை எழுதிக் கொடுத்த ஜாகிர் உசேன் கமிட்டியே அப்போதே ஓர் எச்சரிக்கையும் சேர்த்து எழுதியது. வரவு செலவிலேயே கண்ணாக இருந்தால், வாத்தியார்கள் பிள்ளைகளிடம் முடிந்த மட்டும் வேலையைக் கறப்பவர்களாக மாறிவிடுவார்கள் என்றது. காந்தியின் திட்டத்துக்கே அந்த பயம் இருந்ததென்றால், நம்முடைய தனியார் கல்லூரிகளுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

இப்போது காமயகவுண்டன்பட்டிக்காரரின் கேள்வி.

நான் படித்தது பி.காம். மெர்க்கன்டைல் லா பேப்பரில் 'பெய்ல்மென்ட்' என்று ஒன்று வரும். உங்கள் பொருளை இன்னொருவரிடம் ஒப்படைக்கிறீர்கள். அவர், சாதாரண விவேகமுள்ள ஒரு மனிதன் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வானோ அப்படிப் பார்த்துக்கொண்டால் போதும். அதையும் மீறித் தொலைந்தால் அவர் தலையில் கட்ட முடியாது. 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டம், 151, 152-ம் பிரிவுகள். சம்பளத்தில் பிடிப்பதற்கும் வெள்ளைக்காரன் 1936-லேயே ஒரு சட்டம் போட்டிருந்தான். இந்தப் பொருள் உன் பொறுப்பு என்று வெளிப்படையாக ஒப்படைத்திருக்க வேண்டும், தொலைந்ததற்கு அந்த ஆளின் அஜாக்கிரதையே நேரடிக் காரணமாக இருக்க வேண்டும், பிடிப்பதற்கு முன்னால் அவனை விளக்கம் சொல்ல விட வேண்டும். 2019-ல் வந்த ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் இதே நியாயம் இருக்கிறது. 1936 சட்டம் தொழிற்சாலை, தோட்டம் போன்ற இடங்களை மனதில் வைத்து எழுதியது. அதாவது ஏட்டளவிலாவது, ஜீப்பில் போய் ஏலத்தோட்டத்தில் குனிந்து நிற்கிற அப்பாவுக்காகச் சட்டம் யோசித்த அளவுக்கு, ஏ.சி. லேபில் உட்கார்ந்திருக்கிற மகனுக்காக அவன் கல்லூரி யோசிக்கவில்லை.

நாற்பது மெஷின். ஒரு பையன். ஒரு மூலையில் பிரிண்டர் பேப்பரை மென்றுகொண்டிருக்கும், அதை எடுக்கப் போனால் மறு மூலை தெரியாது. கம்ப்யூட்டர் பெட்டிகளுக்குப் பூட்டு இல்லை. யார் எந்த மெஷினில் உட்கார்ந்தார்கள் என்று எழுத ஒரு நோட்டுகூட இல்லை. இதில் எங்கே அஜாக்கிரதை? இருந்தால் அது கல்லூரியின் அஜாக்கிரதை. அதற்கு இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டுவது, மாசம் 1,500 ரூபாய் வாங்குகிற பையன்.

என் பார்வையில் பணம் போனதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று நடந்திருக்கிறது. முதல் வாரம் அவன் சும்மா இருந்தான். இரண்டாவது வாரம் சொன்னான். நடுவில் என்ன மாறியது? பிடித்தம். கடமை என்பதால் சொன்னானா, 1,500 ரூபாய்க்காகச் சொன்னானா? அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. நன்றாக யோசித்துப் பாருங்கள், இப்போது அவனுக்கே தெரியாது. பிடித்தம் என்ற ஒன்று இல்லாமல் இருந்து, அவனாக வந்து சொல்லியிருந்தால் அது நேர்மை. கசப்பாக இருந்தாலும் ஊர் ஒரு நாள் ஒத்துக்கொள்ளும். அல்லது சொல்லாமல் இருந்து, சிநேகிதனை இழுத்துக்கொண்டு போய் ராமைத் திரும்ப மாட்டச் சொல்லியிருந்தால் அதுவும் ஒரு தினுசான நேர்மைதான். சம்பளத்தைப் பிடித்ததன் மூலம் அந்தக் கல்லூரி இரண்டு வழியையும் அடைத்துவிட்டது. உண்மை சொன்ன பையனைக்கூட, விலை வாங்கிக்கொண்டு சொன்னவன் மாதிரி ஆக்கிவிட்டது.

தோட்ட வேலை தெரிந்தவருக்குக் கங்காணியை விளக்க வேண்டியதில்லை. கூலியாட்களிலிருந்தே ஒருவனைப் பிடித்து, ஆளுக்கு இத்தனை என்று தலைக்காசு கொடுத்து, அவன் ஜனங்களையே அவனை விட்டு மேய்க்க வைத்த தந்திரம் அது. இலங்கையிலும் மலேயாவிலும் நம்மவர்கள் அனுபவித்தது. கங்காணி கெட்டவனாகப் பிறக்கவில்லை. அவன் வருமானத்தை ஜனங்களின் முதுகில் கட்டியிருந்தார்கள்.

அதனால் அவரிடம் இப்படிச் சொன்னேன். 'அண்ணே, உங்க பையன் சொன்னதுல தப்பில்ல. சொல்ல வெச்ச விதம் தப்பு. முதல்ல காலேஜுக்குப் போய் அந்தப் பிடிச்ச பணத்தைத் திருப்பிக் கேளுங்க. பணத்துக்காக இல்ல, பையன் சொன்ன வார்த்தை மேல ஒட்டியிருக்கிற விலைச் சீட்டைக் கிழிக்கிறதுக்காக. பரிச்சை போன பையனுக்கு மறுபடி பரிச்சை வைக்கச் சொல்லியும் நீங்களே கேளுங்க.' அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. 'பயலுக ரெண்டும் சேந்துருவாய்ங்க சார். நாங்கதான்...' என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதற்காக மாணவர்களை லேபில் வைக்கவே கூடாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வைக்கலாம், வைக்கவும் வேண்டும். கூடப் படிக்கிறவனிடம் கேட்பது மாதிரி ஒரு பிள்ளை லெக்சரரிடம் கேட்காது. மலைக்கு அந்தப் பக்கம், குமுளியைத் தாண்டினால், கேரள அரசுப் பள்ளிகளில் 2018-லிருந்து 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் குழு இருக்கிறது. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அனிமேஷன், புரோகிராமிங், ரோபோ என்று பாடம் நடக்கிறது; பள்ளியின் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்வதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. பாடம் கொடு என்கிற பாதி அங்கே இருக்கிறது. கூலிக்குப் பதில் எஸ்.எஸ்.எல்.சி.யில் கருணை மதிப்பெண். சின்னப் பிள்ளைகளுக்கு அது சரி. கல்லூரியில் யாராவது 'சம்பளத்துக்குப் பதில் இன்டர்னல் மார்க்' என்று ஆரம்பித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பணத்தை எண்ணிப் பார்க்கலாம், குறைந்தால் கேட்கலாம். மார்க்கை எப்படி எண்ணுவது? போடுகிற கை, வேலை வாங்குகிற அதே கை.

இரண்டு பேர் அந்த வேலைக்கு வருகிறார்கள் என்று வையுங்கள். ஒருவன் வீட்டில் கம்ப்யூட்டர் உண்டு, எல்லாம் தெரியும், காசு தேவையில்லை. இன்னொருவனுக்குக் காசு தேவை, லேபுக்கு வந்துதான் மவுஸையே பிடித்தான். திறமைக்கு என்றால் முதல் பையன். தேவைக்கு என்றால் இரண்டாவது பையன். ஆனால் இந்த வேலைக்கு என்ன தெரிய வேண்டும்? பாஸ்வேர்டு மறந்தவனுக்கு மாற்றிக் கொடுப்பது, பிரிண்டரில் சிக்கிய பேப்பரை எடுப்பது, பென் டிரைவில் வைரஸ் பார்ப்பது. கற்றுக்கொடுத்தால் பதினைந்து நாள். கற்றுக்கொடுக்க முடியாத ஒன்று, பத்தாவது தடவை அதே கேள்வி வரும்போது முகம் சுளிக்காமல் இருப்பது. நானாக இருந்தால் அதைத்தான் பார்த்து எடுப்பேன். கணக்கு வழக்குப் பார்க்கிறவன் எப்போதும் கேட்கிற கேள்வி, எதை வாங்குகிறோம் என்பது. லேபுக்கு வாங்குவது பொறுமையை. அது பெரும்பாலும் இரண்டாவது பையனிடம்தான் இருக்கிறது, காரணம் அவன் அந்தக் கேள்விகளை ஆறு மாதம் முன்பு தானே கேட்டவன்.

அவன் டியூட்டி நேரத்தில் தன் புத்தகத்தைப் படிக்கலாமா என்று ஒரு சர்ச்சை எல்லா லேபிலும் உண்டு. 'சும்மா உக்காந்து படிக்கிறதுக்கா சம்பளம்?' என்பார்கள். தீயணைப்பு நிலையத்தில் கேரம் ஆடுகிறார்கள் என்று யாராவது சம்பளத்தை வெட்டுகிறார்களா? தயாராக உட்கார்ந்திருப்பதும் வேலைதான். படிக்கட்டும்.

பாஸ்வேர்டு விஷயத்தில் மட்டும் நான் கறார். சர்வர் பாஸ்வேர்டு கையில் இருந்தால், கூடப் படிக்கிற நூறு பேரின் ஃபோல்டரையும் அவன் திறக்கலாம். அவசரத்தில் மெயிலை மூடாமல் போகிற பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! இருபது வயசுப் பையனிடம் அந்தச் சாவியைக் கொடுத்துவிட்டு, 'நல்ல பையன்தான்' என்று நம்பிக்கொண்டிருப்பது அவனுக்கும் நல்லதில்லை. தேவையான அளவு அனுமதி போதும், மிச்சம் ஆசிரியரிடம் இருக்கட்டும். சபலத்தை மேஜை மேல் பரப்பி வைத்துவிட்டு ஒழுக்கத்தைச் சோதிக்கிற உரிமை யாருக்கும் கிடையாது.

ரெக்கார்டு நோட்டு முடிக்கிற வாரம் லேபில் கூட்டம் நெரியும். அந்த வாரம் லேப் பையனுக்கும் ரெக்கார்டு நோட்டு உண்டு. இதை யாரும் நினைப்பதே இல்லை. ஒரு பையனை வைத்தால் இப்படித்தான். நான்கு பேரை வைத்து, ஒருவருக்கொருவர் நேரம் மாற்றிக்கொள்ள விட்டால் ஆகிற செலவு அதேதான்.

அந்த நான்கு பேரில் பெண்கள் எத்தனை பேர் என்று எந்தக் கல்லூரியிலாவது கேட்டுப் பாருங்கள். 'அவங்க வர்றதில்லீங்க' என்பார்கள். ஏன் வருவதில்லை? ஷிஃப்ட் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு. ஆறு மணிக்கு லேபைப் பூட்டி, சாவியை ஆபீஸில் கொடுத்து, ஊருக்குப் போகிற டவுன் பஸ்ஸைப் பிடித்து வீடு சேரும்போது இருட்டிவிடும். வீட்டில் விட மாட்டார்கள். விடாதது தப்பா, சரியா என்பதை இன்னொரு வாரம் பேசுவோம். அதுவரை, காலை எட்டு மணிக்கு லேபைத் திறக்கிற ஷிஃப்ட் ஒன்று போட்டு, நோட்டீஸ் போர்டில் வேலை என்ன, மணிக்கு எவ்வளவு, பிடித்தம் கிடையாது என்று மூன்று வரி எழுதி ஒட்டிப் பார்க்கலாம். முதல் பஸ்ஸுக்கு வந்து வாசலில் காத்துக்கிடக்கிற பெண் பிள்ளைகள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு.